முப்பத்தொன்பது குழி நிலமும் பக்தாதின் கணக்கும்

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், பள்ளிவாசல் தாழ்வாரத்தில் ஓர் இளைஞர் நம்மை அணுகி ஸலாம் உரைத்து அமர்ந்தார். ஒரகடத்தில் வாகன உறுப்புகள் செய்யும் ஆலையொன்றில் அவருக்கு வேலை. அவ்வாரம் இரவு முறை. ஆதலால் பகலில் ஓய்வு கிட்டியிருந்தது. தென் மாவட்டத்திலிருந்து வந்து, ஸ்ரீபெரும்புதூரில் நண்பர் நால்வருடன் ஓர் அறையில் குடியிருப்பவர். கைப்பேசியில் தாம் கேட்ட சொற்பொழிவொன்றைப் பற்றிச் சொன்னார். அல்ஜிப்ரா என்னும் கணிதம் முழுவதையும் முஸ்லிம்களே கண்டுபிடித்து உலகுக்கு ஈந்தனர் என்று அதில் ஒருவர் முழங்கியிருந்தாராம்.

"ஹஸ்ரத், அது உண்மைதானா?" என்று வினவியவர், நாம் விடை பகருமுன், தலையைத் தாழ்த்தியவாறு மற்றொன்றும் கேட்டார். "நம்முடையதுதான் என்றால், பத்தாம் வகுப்பில் அது ஏன் எனக்கு வரவேயில்லை? இருபடிச் சமன்பாடு என்ற பாடத்தால்தானே நான் கணக்கில் தவறினேன்!"

முதல் வினாவுக்கு நூல்களைப் புரட்டி விடை சொல்லிவிடலாம். இரண்டாவது வினாவோ நம்மைப் பல நாள் உறங்கவொட்டாது செய்தது. அவ்விரண்டுக்கும் விடையாகவே இக்கட்டுரையை வாசக நேயர்கள் முன் வைக்கின்றோம்.

உரிமை கொண்டாடுமுன்

உண்மையை உள்ளவாறு உரைப்பதே அறிவுக்கு அழகு. பொருளொன்றின் வர்க்கமும், அப்பொருளின் சில மடங்கும், ஓர் எண்ணும் கலந்துவரும் கணக்கையே இருபடிச் சமன்பாடு என்கிறோம். வர்க்கமாவது, ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கக் கிடைப்பது. இத்தகைய கணக்குகளை முதன்முதலில் தீர்த்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். இன்றைக்குச் சற்றேறக்குறைய 3,800 ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனிய எழுத்தர்கள் ஈரக் களிமண் பலகைகளில் இவ்வகைக் கணக்குகளைப் பொறித்து விடையும் கண்டிருக்கின்றனர். கிரேக்க அறிஞர் யூக்ளிட் இதே உண்மைகளைக் கோடுகளாலும் கட்டங்களாலும் நிறுவினார்.

நம் பாரத நாட்டிலோ, பிரம்மகுப்தர் கி.பி. 628 இல் தம் 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' என்னும் நூலில் இதற்குத் தெளிவான விதியை வகுத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹுதைபிய்யா உடன்படிக்கை செய்துகொண்ட ஆண்டும் அதுவே என்பது ஈண்டு நினைவு கூரத்தக்கது. சூனியத்தையும் எண்ணாகக் கொண்டு, உடைமையைத் தனம் என்றும் குறைவை ரிணம் அதாவது கடன் என்றும் பிரித்து, கடன் எண்களுக்கும் கூட்டல் பெருக்கல் விதிகளைத் தந்த பெருமை அவரைச் சாரும்.

ஆயின் பக்தாதின் பங்கு யாது? கலீஃபா மன்சூரின் ஆட்சியில் இந்திய வானநூல் பக்தாதை அடைந்து, அரபியில் 'ஸிந்துஹிந்த்' எனப் பெயர் பெற்றது. பின்னர் கலீஃபா மஃமூன் (ஹிஜ்ரி 198–218, கி.பி. 813–833) காலத்தில், 'பைத்துல் ஹிக்மா' என்னும் ஞான இல்லத்தில் அறிவுப்பணி ஆற்றியவர்களுள் தலையாயவர் முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மி. ஏரல் கடலுக்குத் தெற்கேயுள்ள குவாரிஸ்ம் நாட்டின் பெயர் அவர் பெயரோடு ஒட்டியது. இந்திய எண்களைக் கையாளும் முறையை விளக்கி அவர் ஒரு நூல் யாத்தார். அது இந்தியருடையது என்பதை அவர் மறைத்தாரில்லை. ஸிந்துஹிந்தை அடியொற்றி வானியல் அட்டவணைகளும் வகுத்தார். அவருடைய மூன்றாவது பெருநூலே 'அல் கிதாபுல் முக்தஸர் ஃபீ ஹிஸாபில் ஜப்ரி வல் முகாபலா'. அல்ஜிப்ரா என்னும் சொல் பிறந்தது இந்நூலின் தலைப்பிலிருந்தே.

இவ்விதிகள் முன்னரே பிறர் அறிந்தவை எனின், இந்நூலுக்கு ஏன் இத்துணைச் சிறப்பு? முன்னோர் கணக்குகளைத் தனித்தனியே தீர்த்தனர். அல்லது விதியைச் சூத்திரமாகக் கூறிவிட்டுச் சென்றனர். குவாரிஸ்மியோ, இருபடி வரையில் எழக்கூடிய கணக்குகள் யாவும் ஆறே வகையுள் அடங்கும் எனப் பாகுபடுத்தினார். ஒவ்வொரு வகைக்கும் வழி கூறினார். அவ்வழி ஏன் சரியானது என்பதைக் கண்ணால் கண்டு தெளியுமாறு படம் வரைந்து நிறுவினார். சிதறிக்கிடந்த வித்தைகள் ஒரு கலையாக உருப்பெற்றது அப்போதுதான் என்பது மிகையன்று.

முறிந்ததை இணைத்தல்

'ஜப்ர்' என்னும் அரபிச் சொல்லுக்கு, முறிந்ததைச் சேர்த்துச் செப்பனிடுதல் என்பது பொருள். நம் பக்கத்தில் எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டுப் போடுபவரை அறியாதார் இலர். அப்பணி செய்பவரை அரபியில் 'முஜப்பிர்' என்பர். அரபியர் ஆண்ட ஸ்பெயின் நாட்டில் எலும்பு கட்டுபவருக்குப் பல நூற்றாண்டுகள் 'அல்ஜெப்ரிஸ்தா' என்றே பெயர் வழங்கிற்று. 'முகாபலா' என்பது எதிரெதிர் நிறுத்தி ஒப்பிடுதல்.

எளியதோர் எடுத்துக்காட்டால் இவ்விரண்டையும் விளக்குவோம். பத்திலிருந்து ஒரு பொருளைக் குறைத்தால் நான்கு என்று வைத்துக்கொள்வோம். இங்கே பத்து என்னும் எண் ஊனமுற்று நிற்கின்றது. குறைந்த அப்பொருளை இருபுறமும் சேர்த்தால், பத்தானது நான்கும் அப்பொருளும் சேர்ந்ததற்குச் சமம் ஆகிறது, முறிவு கூடிற்று. இது ஜப்ர். பின் இருபுறமும் பொதுவாக உள்ள நான்கை நீக்கினால், பொருள் ஆறு என்று விளங்குகின்றது. இது முகாபலா. பள்ளியில் 'பக்கம் மாற்றினால் குறி மாறும்' என்று காரணம் கூறாமல் ஓதுவிக்கிறோமே, அதன் உட்பொருள் இவ்வளவே.

அறியப்படாத எண்ணுக்கு அவர் இட்ட பெயர் 'ஷைஉ', அதாவது பொருள். சில இடங்களில் 'ஜித்ர்', அதாவது வேர் அல்லது மூலம். அதன் வர்க்கத்துக்கு 'மால்', அதாவது செல்வம் என்று பெயர். குறியீடு ஒன்றேனும் அந்நூலில் இல்லை. எண்களைக்கூடச் சொற்களாலேயே எழுதினார். எழுத்தறிந்த எவரும் படித்துப் பயன்பெற வேண்டும் என்பதே அவர் கருத்து. முன்னுரையில் அவர் தெரிவிக்கும் நோக்கமும் இதனையே வலியுறுத்துகின்றது. மக்களுக்கு வாரிசுரிமையிலும், வஸிய்யத்திலும், பாகப் பிரிவினையிலும், வழக்குகளிலும், வணிகத்திலும், நிலம் அளப்பதிலும், கால்வாய் வெட்டுவதிலும் அன்றாடம் தேவைப்படுவதை எளிய முறையில் தருவதே அந்நோக்கம். அந்நூலின் பிற்பாதி பெரும்பாலும் ஃபராயிழ், வஸிய்யத்துக் கணக்குகளே. அவற்றுள் பெரும்பாலன இருபடியை எட்டாத எளிய சமன்பாடுகள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எனினும், பங்கு கேட்டு நிற்கும் ஏழைக்கும் வர்க்கமூலம் தேடும் அறிஞருக்கும் ஒரே நூலில் அவர் இடம் அளித்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

குழியில் பிறக்கும் வர்க்கம்

அந்நூலின் புகழ்பெற்ற கணக்கு ஒன்றுண்டு. ஒரு வர்க்கமும் அதன் பத்து மூலங்களும் சேர்ந்தால் 39 திர்ஹம், மூலம் எவ்வளவு? ஆயிரத்திருநூறு ஆண்டுகளாக உலகெங்கும் மாணவர் பயிலும் கணக்கு இது. அந்த இளைஞருக்கு இதனைத் திர்ஹத்தில் சொல்லாது, அவர் நாள்தோறும் கடந்து செல்லும் மண்ணின் அளவையில் சொன்னோம்.

ஸ்ரீபெரும்புதூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருப்பினும், முன்னர் செங்கல்பட்டுச் சீமையைச் சேர்ந்தது. வைணவப் பெரியார் இராமானுஜர் பிறந்த ஊர். ஏரிகளின் நீரால் நெல் விளைந்த இப்பகுதியில், 1998 இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2006 இல் வந்த நோக்கியா கைப்பேசி ஆலை 2014 இல் மூடப்பட்டது. 2010 இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை எழுந்தது. அவற்றைச் சூழ்ந்து உறுப்புகள் செய்யும் ஆலைகள் பல பெருகின. நிலத்தின் விலையும் மதிப்பும் மாறின; அளக்கும் அலகும் சதுர அடியாகவும் சென்டாகவும் மாறிற்று.

ஆனால் பழையவர்கள் நாவில் இன்னும் குழியும் காணியும் வழங்குகின்றன. செங்கல்பட்டுச் சீமையின் வழக்கில், 24 அடி நீளக் கோல் ஒன்றால் நான்கு புறமும் அளந்த சதுரம் ஒரு குழி. அதாவது 576 சதுர அடி. 100 குழி கொண்டது ஒரு காணி. 57,600 சதுர அடி. குழி என்பதே கோலின் வர்க்கம் அன்றோ! ஆகவே, கோல் கணக்கையும் குழிக் கணக்கையும் ஒருங்கே கையாண்ட நம் முன்னோர், பெயர் அறியாமலே இருபடிக் கணக்கின் வாயிலில் நின்றனர்.

இனிக் கணக்குக்கு வருவோம். செவ்வக வடிவான நிலம் ஒன்று 39 குழி. அகலத்தைக் காட்டிலும் நீளம் 10 கோல் அதிகம். அகலம் எத்தனை கோல்?

குவாரிஸ்மி சொல்லும் வழி வருமாறு: பத்தில் பாதி ஐந்து. ஐந்தை ஐந்தால் பெருக்க 25. அதனை 39 உடன் கூட்ட 64. அதன் மூலம் 8. எட்டில் முன்னர்க் கண்ட ஐந்தைக் கழிக்க 3. ஆகவே அகலம் 3 கோல். நீளம் 13 கோல். 3 பெருக்கல் 13, 39 குழி. அடிக் கணக்கில் 72 அடி அகலம், 312 அடி நீளம், 22,464 சதுர அடி.

"இது சூத்திரம், ஏன் என்றுதான் எனக்கு அன்றும் புரியவில்லை," என்றார் இளைஞர். உடனே ஒரு காகிதத்தைச் செவ்வகமாக வெட்டி அவர் கையில் கொடுத்தோம். நிலத்தின் ஒரு முனையில், அகலம் எவ்வளவோ அவ்வளவே நீளமுள்ள சதுரத்தை மடித்துப் பிரிக்கச் சொன்னோம். எஞ்சியது 10 கோல் நீளமுள்ள பட்டை. அப்பட்டையை 5 கோல் வீதம் இரண்டாக வெட்டி, ஒரு துண்டைச் சதுரத்தின் கிழக்கிலும் மற்றொன்றைத் தெற்கிலும் ஒட்டச் செய்தோம். இப்போது ஏறத்தாழ ஒரு பெரிய சதுரம் உருவாயிற்று. தென்கிழக்கு மூலை மட்டும் வெறுமையாக நின்றது. அம்மூலை ஐந்துக்கு ஐந்து, 25 குழி. அதனை நிரப்பினால் 39 உம் 25 உம் சேர்ந்து 64 குழியுள்ள முழுச் சதுரம். அதன் பக்கம் 8 கோல். அதில் ஒட்டிய துண்டின் அகலம் ஐந்து போக, எஞ்சிய மூன்றே நாம் தேடிய அகலம்.

பாடநூல்கள் 'வர்க்கப் பூர்த்தி முறை' என்று கூறுவது, வெறுமையாக நிற்கும் அம்மூலையை நிரப்பும் இச்செயலையேயாகும். குவாரிஸ்மி தம் நூலில் வரைந்து காட்டிய படமும் இதுவே. இளைஞர் அக்காகிதத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா?" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு விடை, விடையே இன்மை

சில கணக்குகளுக்கு விடை இரண்டு. ஒரு வர்க்கமும் 21 உம் சேர்ந்தால் 10 மூலங்களுக்குச் சமம் என்பது குவாரிஸ்மியின் மற்றொரு கணக்கு. ஐந்தின் வர்க்கம் 25 இல் 21 ஐக் கழிக்க 4; அதன் மூலம் 2. ஐந்தில் இரண்டைக் கழித்தால் 3; கூட்டினால் 7. இரண்டும் பொருந்தும் என்று அவரே கூறுகின்றார்.

கணக்குத் தரும் விடை யாவும் வாழ்க்கைக்கு ஒவ்வும் என்பதில்லை. 12 ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் தம் 'பீஜகணிதத்தில்' ஒரு வானரக் கணக்கை அமைத்தார். கூட்டத்தின் ஐந்திலொரு பங்கில் மூன்றைக் குறைத்து, வந்ததைத் தன்னாலேயே பெருக்கிய அளவு குரங்குகள் குகைக்குள் புகுந்தன, ஒன்று மட்டும் வெளியே தெரிகிறது, மொத்தம் எத்தனை? 50 என்பது ஒரு விடை. 5 என்பது மற்றொன்று. ஐந்தில் ஐந்திலொரு பங்கு ஒன்று. அதில் மூன்றை எவ்வாறு குறைப்பது? ஆகவே இரண்டாம் விடையை அவர் ஏற்கவில்லை. நம் 39 குழிக் கணக்குக்கும் இன்றைய முறைப்படி கடன் எண்ணாக 13 என்றொரு விடை உண்டு. கடன் அகலமுள்ள நிலம் எவரிடமும் இல்லாமையால் அதனைத் தள்ளிவிடுகின்றோம். குவாரிஸ்மியும் கடன் எண்களை விடையாகக் கொள்ளவில்லை.

இவற்றினும் அரியது மூன்றாவது நிலை. 10 மூலங்கள் பற்றிய முன் கணக்கில், 21 க்கு மாறாக 26 என்றிருந்தால் யாது செய்வது? 25 இல் 26 ஐக் கழிக்க இயலாது. அத்தகைய கணக்கு நடவாது என்று குவாரிஸ்மி எச்சரிக்கின்றார். பத்தாம் வகுப்பு மாணவர் இதனைத் 'தன்மைக்காட்டி குறை எண். மெய் மூலங்கள் இல்லை' என்று எழுதி இரண்டு மதிப்பெண் பெறுவர். அவ்வொரு வரியால் ஒரு பெண்ணின் உரிமை காக்கப்பட்டதை நாம் நேரில் கண்டோம்.

ஜமாஅத்தில் ஒரு சிறுவன்

சில ஆண்டுகளுக்கு முன், இவ்வட்டாரத்து ஊரொன்றில் பாகப் பிரிவினைக்காக நம்மையும் அழைத்திருந்தனர். தந்தை காலமாகியிருந்தார், தாயார் அவருக்கு முன்னரே மறைந்துவிட்டார். வாரிசுகள் ஒரு மகனும் ஒரு மகளுமே. நிலம் 45,000 சதுர அடி. ஃபராயிழ் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. அதாவது 30,000 உம் 15,000 உம். பிரித்துச் சொல்ல நமக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. நிலத்தை அளந்து கல் நட்டு, சகோதரியின் பகுதி 15,000 சதுர அடி என்று தாளில் குறித்தும் தந்தனர். அனைவரும் ஒப்பமிட இருந்த வேளை.

அப்போது சகோதரியின் மகன், பத்தாம் வகுப்புப் பயிலும் சிறுவன், தயங்கித் தயங்கி வாய் திறந்தான். முந்திய நாள் வேலி போடக் கம்பி வாங்குவதற்காக நான்கு புறமும் நூல் பிடித்து அளந்ததாகவும், சுற்றளவு 480 அடிதான் வந்ததாகவும், அவ்வாறாயின் 15,000 சதுர அடி இருக்கவே முடியாது என்றும் சொன்னான். பெரியவர்கள் சிலர் சிரித்தனர். சிறுவன் மட்டும் விடவில்லை.

"சுற்றளவு 480 என்றால் நீளமும் அகலமும் சேர்ந்து 240. அவற்றின் பெருக்கற்பலன் 15,000 ஆக வேண்டும். 240 இல் பாதி 120. அதன் வர்க்கம் 14,400. பதினாலாயிரத்து நானூறில் பதினையாயிரம் போகாதே, மாமா!" என்றான்.

நாம் அதிர்ந்து போனோம். அவன் கூறியது குவாரிஸ்மியின் எச்சரிக்கையே. நான்கு நேர்ப் பக்கங்களால் 480 அடிக்குள் அடைக்கக்கூடிய மிகப் பெரிய பரப்பு, பக்கம் 120 அடியுள்ள சதுரம். 14,400 சதுர அடி. அதற்கு மேல் ஓர் அங்குலமும் கொள்ளாது. மீண்டும் அளந்தனர். 140 அடி நீளம், 100 அடி அகலம். 14,000 சதுர அடி. ஆயிரம் சதுர அடி குறைவு. வேண்டுமென்றே செய்தது அன்று, அளந்தவரின் கைத்தவறு. சகோதரர் வெட்கமுற்று, தாமே முன்வந்து கல்லை நகர்த்தி நட்டார். சகோதரியின் கண்ணில் நீர் பெருகியது.

அன்று நமக்கு விளங்கிய உண்மை வேறு. பங்கு இத்தனை என்று திருமறை விதித்ததை நாம் ஓதி அறிந்திருந்தோம். அப்பங்கு மண்ணில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அறியும் கல்வி நம்மிடம் இல்லை, அச்சிறுவனிடம் இருந்தது. இவ்விரண்டையும் ஒரே நூலில் எழுதி வைத்தவரைத்தான் நாம் மேடைகளில் புகழ்ந்துகொண்டிருக்கின்றோம்!

ஒரகடம் சாலையில் அதே பத்து மூலங்கள்

நில வழக்கு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஆனால் சாலை எல்லார்க்கும் உண்டு. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோவில் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. ஆலைகளில் முறை மாறும் வேளையில் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் இளைஞர்களின் மோட்டார் சைக்கிள்களும் அங்கே ஒன்றையொன்று நெருக்கிச் செல்லும். வாகனங்களைச் சோதித்துப் பார்ப்பதற்கெனத் தனித் தடங்கள் கொண்ட ஆராய்ச்சி மையமும் ஒரகடத்திலேயே உள்ளது. அத்தகைய தடங்களில் நடைபெறும் சோதனைகளுள் இன்றியமையாதது பிரேக் சோதனை. அதன் அடிப்படையில் நிற்பதும் இருபடிக் கணக்கே.

அந்த இளைஞரிடம் இவ்வாறு விளக்கினோம். எதிரே தடையைக் கண்ட கண், பிரேக்கை அழுத்தும் வரை ஒரு வினாடி கழிகிறது என்க. பிரேக் பிடித்தபின் ஒவ்வொரு வினாடியிலும் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் வீதம் குறைகிறது என்க. வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லுமாயின், முதல் வினாடியில் 10 மீட்டர் ஓடிவிடும். பின் நிற்பதற்கு 2 வினாடி. அப்போது சராசரி வேகம் 5. ஓடுவது மேலும் 10 மீட்டர். ஆக 20 மீட்டர். வேகம் இரு மடங்காக, 72 கிலோமீட்டர் ஆனால்? முதல் வினாடியில் 20. பின் 4 வினாடியில் 40. ஆக 60 மீட்டர். வேகம் இரட்டித்தது, தேவைப்பட்ட தூரமோ மும்மடங்காயிற்று. பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதே காரணம்.

இதனையே திருப்பிக் கேட்போம். மழையிரவில் விளக்கொளியில் 20 மீட்டர் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. எவ்வளவு வேகத்தில் செல்லலாம்? மேற்கண்ட அளவுகளின்படி, வேகத்தின் வர்க்கமும் வேகத்தின் பத்து மடங்கும் சேர்ந்தால், தூரத்தின் பத்து மடங்குக்குச் சமம். அதாவது, ஒரு வர்க்கமும் அதன் பத்து மூலங்களும் சேர்ந்தால் 200. பக்தாதில் எழுதிய அதே வாசகம். 39 என்ற இடத்தில் 200 என்பது மட்டுமே வேறுபாடு! பத்தில் பாதி ஐந்து, வர்க்கம் 25, 200 உடன் கூட்ட 225, மூலம் 15, ஐந்தைக் கழிக்க 10. வினாடிக்கு 10 மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர். அதற்கு மிஞ்சினால், கண்ட பின் நிற்க இயலாது.

சாலையின் ஈரமும் டயரின் தேய்வும் உறக்கக் கலக்கமும் இவ்வளவுகளை மாற்றும். மாற்றுவது பெரும்பாலும் தீமைக்கே. ஆதலின் இது வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட கணக்கு என்று சொல்வதில் தவறில்லை.

வந்த வழியும் விட்ட வழியும்

குவாரிஸ்மிக்குப் பின் எகிப்தின் அபூ காமில் இக்கலையை வளர்த்தார். ருபாயியாத் கவிஞர் என்று மட்டுமே நாம் அறிந்த உமர் கய்யாம் முப்படிச் சமன்பாடுகளை வடிவ கணிதத்தால் தீர்த்தார். 1145 இல் ஸ்பெயினின் செகோவியா நகரில் செஸ்டர் ஊரினரான ராபர்ட் குவாரிஸ்மியின் நூலை இலத்தீனில் பெயர்த்தார். குவாரிஸ்மி என்ற பெயரே இலத்தீன் நாவில் திரிந்து, இன்று கணினிகளை இயக்கும் 'அல்காரிதம்' ஆயிற்று. ஒரகடத்து ஆலைகளில் பற்றவைக்கும் இயந்திரக் கைகளும் அல்காரிதத்தின் ஆணைப்படியே அசைகின்றன.

அறிவு இவ்வாறு பாபிலோனிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் பக்தாதுக்கு வந்து, செம்மையுற்று, மேற்கே சென்றது. நம் மதரஸாக்களுக்கும் அது வராமலில்லை. 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த பஹாவுத்தீன் ஆமிலியின் 'குலாஸத்துல் ஹிஸாப்' என்னும் கணித நூல், இந்திய மதரஸாக்களின் தர்ஸே நிஜாமிப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றிருந்தது. அதில் ஜப்ரும் முகாபலாவும் உண்டு. குவாரிஸ்மியின் அறுவகையும் உண்டு. காலப்போக்கில் பல இடங்களில் ஹிஸாப் சுருங்கிற்று. ஃபராயிழ் ஓத வேண்டிய அளவுக்குப் பின்னமும் பெருக்கலும் போதும் என்றாயிற்று. அவ்வாறு சுருங்கிய கல்வியில் வளர்ந்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதைக் கூற நாணவில்லை. அச்சிறுவன் முன் அமர்ந்திருந்தபோதுதான் நாணினோம்.

ஆகவே, அந்த இளைஞரின் இரு வினாக்களுக்கும் நாம் கூறிய விடை இதுவே. "தம்பி, அல்ஜிப்ரா முழுவதும் நம்முடையது என்பது பிழை. பலர் சேர்த்த செல்வத்தை ஒழுங்குபடுத்தி, நிறுவி, எளியவர் கையில் கொடுத்தவர் நம் முன்னோருள் ஒருவர், அப்பெருமை மெய். ஆனால் ஒருவர் தேடிய கல்வி மற்றவருக்கு வாரிசாக இறங்குவதில்லை. அதற்கு ஃபராயிழில் பங்கு இல்லை. அவரவரே கற்றுப் பெற வேண்டும். உமக்கு அது வராமற்போனது உம் குற்றம் மட்டுமன்று. மூலையை நிரப்பிக் காட்ட ஆசிரியர் வாய்க்கவில்லை."

பின்னர் 60 மீட்டர் தெரியும் சாலையில் எவ்வளவு வேகத்தில் செல்லலாம் என்று அவரையே கணக்கிடச் சொன்னோம். காகிதத்தில் மெல்ல எழுதினார். 600 உம் 25 உம் 625, மூலம் 25, ஐந்தைக் கழிக்க 20. மணிக்கு 72 கிலோமீட்டர். சற்று நேரம் பேசாதிருந்தார். இரவு முறை முடிந்து அறைக்குத் திரும்பும்போது, லாரியின் பின்னால் 20 மீட்டர் இடைவெளிகூட விடாமல் எழுபதில் செல்வது தம் வழக்கம் என்றார். முன்னே செல்லும் லாரி கவிழ்ந்தோ மோதியோ திடீரென நின்றுவிட்டால் என்னவாகும் என்பதை நாம் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர்த் தொழுகைக்குப் பின், பள்ளிவாசல் தாழ்வாரத்தில் ஏழெட்டுப் பேர் கூடுகின்றனர். ஒரு பக்கம் குலாஸத்துல் ஹிஸாப். மறுபக்கம் அரசு வெளியிட்ட பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். அரபியை நாம் விளக்குகின்றோம். கணக்கை அச்சிறுவன், இப்போது கல்லூரி மாணவன், விளக்குகின்றான். நாமும் மற்றவர்களுடன் அமர்ந்து கணக்குப் போடுகின்றோம். பிழை வரும்போது அவன் திருத்துகின்றான்.